பன்சலை மண்டபத்தில் மாக்ரெட்

அத்தியாயம் பதினாறு

கிளறன்ஸ் சவுந்தரநாயகம் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் பெரிய பெரிய கப்டன்மார்கூட அவரோடு வாதாடித் தோற்றுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் மாக்ரெட் என்ன செய்ய முடியும்?

"அந்த லேனுக்குள்ள என்ட கால் போகாது. அவ்வளவுதான். வோட்டு வேணுமெண்டா அவங்க இங்க வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்."

"வீடு வீடா வந்து வாங்க அது என்ன, பழைய பேப்பரா?" என்றாள் மாக்ரெட்.

செவ்வாய்க்கிழமை காலை, தேர்தல் நாள். தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். கொட்டாஞ்சேனையில் கடைகள் பாதி திறந்தும் பாதி மூடியும் கிடந்தன. தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் ஓய்ந்து இரண்டு நாளாகிவிட்டதால், காகம் கரைவது கூடப் புதிதாகக் கேட்டது.

வாக்காளர் அட்டைகள் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இதே வழக்குத்தான். எப்போதும் மாதா கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில்தான் இவர்களுக்கு வாக்குச்சாவடி. இந்த முறை அந்தப் பள்ளிக்கூடத்தின் கூரையைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அதனால் பேக்கரி லேனின் கோடியில் இருக்கும் புத்த கோயிலுக்கு, பன்சலைக்கு, மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிக்குமார் சிங்களப் பிள்ளைகளுக்குச் சமய பாடம் சொல்லிக்கொடுக்கும் மண்டபம் அது.

பேக்கரி லேன் ஒன்றும் தூரமில்லை. இவர்கள் வாசலில் நின்று உரத்துத் தும்மினால் அங்கே கேட்கும். ஆனால் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்த வீட்டார் அதற்குள் காலடி வைத்ததில்லை. அன்றைக்குத் தமிழர் வீடுகளைத் தேடிக் கும்பல் வந்தது அந்த லேனுக்குள்ளிருந்துதான். இவர்கள் கோயிலுக்குள் ஓடிப் புகுந்து உயிர் தப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது கட்டில், அலுமாரி, தையல் மெஷின் எல்லாம் நடுத்தெருவில் சாம்பலாகக் கிடந்தன. வீடு மட்டும் எரியாமல் நின்றது. ஏன் எரியவில்லை என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மிஞ்சியதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அப்போது யாருக்குத் தெம்பு இருந்தது?

கும்பலில் பேக்கரிக்கார ஜினதாசவும் நின்றான் என்று ஊரில் ஒரு கதை. கண்டவர் யார் என்று கேட்டால் ஆளுக்காள் கையைக் காட்டுவார்கள். கிளறன்ஸுக்கு அந்தக் கதையே போதும். அன்றிலிருந்து பாண் வாங்குவதென்றால் சுற்று வழியாக அடுத்த சந்திக்கு நடப்பார். மருதானை பஸ்ஸைப் பிடிக்கவும் அதே சுற்றுத்தான்.

மேசையில் நான்கு அட்டைகள் இருந்தன. ஒன்று ஸ்ரனிஸ்லாஸுடையது.

ஸ்ரனியைப் பழைய வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மாக்ரெட்டுக்கும் கிளறன்ஸுக்கும் ஒரே பிள்ளை. வெள்ளவத்தையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்த்தவன். போன கார்த்திகையில் காலி வீதியில் சுற்றிவளைப்பு நடந்தபோது பொலிஸ்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். இன்னும் சிறையில் இருக்கிறான். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. அவன் மனைவி நேசமலர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, சைவக்காரி. அந்தக் கலியாணத்துக்காக நடந்த சண்டையெல்லாம் நாலாம் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டது. இப்போது மாமியும் மருமகளும் ஒரே பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் சிறைவாசலில் நிற்கிறார்கள்.

போன சனிக்கிழமை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று ஸ்ரனி சொன்னான். "அம்மா, என்னால போட ஏலாது. நீங்க போய்ப் போடுங்க."

மாக்ரெட் அந்த மகனுக்காக ஏறாத படி இல்லை, கும்பிடாத ஆள் இல்லை. எங்கே போனாலும் நாளைக்கு வா என்பார்கள், இல்லாவிட்டால் அவன் பெயர் இங்கே இல்லை என்பார்கள். இந்த முறை ஆட்சி மாறும், சமாதானம் வரும், வழக்கில்லாமல் கிடக்கிறவர்களை விடுவார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அது நடக்குமோ நடக்காதோ, மாக்ரெட்டுக்குத் தெரியாது. மகன் அவளிடம் இத்தனை மாதத்தில் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதை மட்டும் அவளால் செய்யாமல் இருக்க முடியாது.

அவள் வோட்டுப் போட்டே பன்னிரண்டு வருஷமாகிறது. கலவரத்துக்குப் பிறகு மனசு விட்டுப்போனது. எண்பத்தெட்டிலும் அதற்கடுத்த வருஷத்திலும் வோட்டுப் போடப் போனால் சுடுவோம் என்று கிளர்ச்சிக்காரர் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நேசமலரின் கதை அதைவிட மோசம். அவளுக்கு வோட்டுப் போடும் வயசு வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் ஒழுங்காக ஒரு தேர்தல் நடந்ததே இல்லை.

நேசமலர் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மாக்ரெட் கண்டுவிட்டாள்.

"செக் பொயின்ற் எண்டா அழிச்சிட்டுப் போற பிள்ளை, இண்டைக்கு என்ன வச்சுக்கொண்டு வாறாய்?"

"இண்டைக்கு என்ர பேரைச் சொல்லித்தானே மாமி போடப்போறன். பிறகு எதை ஒளிக்கிறது?"

"சரி. பெரிசா வைக்காத," என்றாள் மாக்ரெட்.

முந்தின நாள்தான் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். பூசைக்கு உடுத்த இளநீலச் சேலையையே மாக்ரெட் மறுபடி உடுத்திக்கொண்டாள். கிளறன்ஸ் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சாய்வுக்கதிரையில் இருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் ஒரே பக்கத்தை அரைமணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க போயிட்டு வாறம்."

வாசலைத் தாண்டும்போதுதான் குரல் வந்தது. "ஐடென்ரிற்றி கார்ட் எடுத்தாச்சா ரெண்டு பேரும்?"

கோபக்காரர்தான். ஆனாலும் கொழும்பில் இருக்கும் தமிழனல்லவா, அதை மட்டும் மறக்கமாட்டார்.

* * *

லேனின் முனையில் பேக்கரி மூடிக்கிடந்தது. மாக்ரெட் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நடந்தாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று எல்லாமே சாதாரண வீடுகள். ஒரு வீட்டு மதிலில் தலையணை காய்ந்தது. இன்னொன்றில் யாரோ மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வருஷம் இந்த லேனை நினைத்து அவள் நித்திரை கெட்டிருக்கிறாள். அது இவ்வளவு சின்ன லேன் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

பன்சலை வாசல்வரை வரிசை நீண்டு வந்திருந்தது.

அந்த வரிசையைப் பார்த்து மாக்ரெட் அப்படியே நின்றுவிட்டாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், மாடிவீட்டு டொக்டரின் மனைவி, முக்காடு போட்ட முஸ்லிம் பெண்கள், வெள்ளைச் சேலைச் சிங்களக் கிழவிகள், செட்டியார் தெருவில் நகை செய்கிறவர்கள் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. டொக்டரின் மனைவிக்கு முன்னால் நின்ற லொறிக் கிளீனர் கொஞ்சமும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை, அந்த அம்மாவும் கேட்கவில்லை. ரேஷன் கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் மாக்ரெட் காணாத ஒழுங்கு அது.

"திருவிழா மாதிரி இருக்கு மாமி," என்று நேசமலர் காதுக்குள் சொன்னாள்.

"திருவிழாவில தள்ளுப்படுவாங்க," என்றாள் மாக்ரெட்.

வாசலில் பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே கூட்டித் துப்புரவாக்கிய வெள்ளை மணல். பெரிய அரச மரத்தின் கீழே துவக்கோடு ஒரு ஆமிக்காரன். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. வந்தது தேர்தலுக்கு, வந்த இடமோ பன்சலை. முதலில் யாரோ கழற்றியிருக்கிறார், பிறகு வந்தவர்களும் கழற்றினார்கள். மணலின் ஓரத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

நேசமலருக்கு அது பழக்கம். மாக்ரெட்டும் கழற்றினாள். வெறுங்காலில் மணல் குளிர்ந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு தரம் சிலிர்த்தது. வெள்ளைத் தூபி, அரச இலைகளின் சலசலப்பு, ஊதுபத்தி வாசனை எல்லாம் சேர்ந்து அவளை என்னவோ செய்தன. இது கடவுள் இருக்கிற இடம் என்று மனசு சொன்னது. அது எந்தக் கடவுள் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்குள் போகும்போது மாக்ரெட்டுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். சேலைத் தலைப்பை எடுத்து நெற்றிவரை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். கோயிலில் நற்கருணைக்கு முன்னால் அப்படித்தான் நிற்பாள். அவளுடைய தாயும் அப்படித்தான் நின்றாள். பன்சலைக்குப் போகிறவர்கள் தொப்பியைக் கழற்றி, குடையையும் மடக்கி, தலையைத் திறந்துவைத்துக்கொண்டு போவார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து லேனில் காலம் முழுக்க இருந்தும் உள்ளே ஒருநாள் எட்டிப் பார்த்தவளில்லை.

அவளுக்கு முன்னால் நின்ற முஸ்லிம் பெண் திரும்பிப் பார்த்தாள். ஸலாம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள் போலிருக்கிறது. கடைசியில் சும்மா சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மாக்ரெட்டும் சிரித்தாள். வினை அங்கேதான் தொடங்கியது.

* * *

மண்டபத்துக்குள் சத்தமே இல்லை. சுவரில் யானையும் தாமரையும் வரைந்திருந்தது. நீள மேசைக்குப் பின்னால் உத்தியோகத்தர்கள். சுவரோரமாக ஒவ்வொரு கட்சியின் ஏஜன்ற்மாரும் கதிரை போட்டு இருந்தார்கள்.

கடைசிக் கதிரையில் இருந்த ஆளை மாக்ரெட் உடனே அடையாளம் கண்டாள். ஜினதாச. தலை நரைத்து, தோள் ஒடுங்கிப் போயிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம். பேக்கரி ஏன் மூடிக்கிடந்தது என்று இப்போது விளங்கியது.

மேசையில் இருந்த கிளாக்கர் அட்டையை வாங்கி, இலக்கத்தைச் சொல்லி, பெயரை உரத்து வாசித்தார். "மாக்ரெட் கிளறன்ஸ் சவுந்தரநாயகம்!"

மண்டபம் முழுக்க அந்தப் பெயர் போய் வந்தது. இத்தனை வருஷமாக உத்தியோகத்தர் ஒருவர் தமிழ்ப் பெயரை உரத்துச் சொன்னால் அது யாரையோ பிடித்துக்கொண்டு போவதற்காகத்தான் இருக்கும். இன்றைக்கு அவளுடைய பெயரை ஒரு சிங்கள உத்தியோகத்தர் ஓர் எழுத்தும் விழுங்காமல் வாசித்தார், ஆறு ஏஜன்ற்மார் குனிந்து அதை அடையாளம் செய்தார்கள். மாக்ரெட்டுக்குத் தன் பெயரே பெரிதாகிவிட்டது போல் இருந்தது.

ஆறு பேரல்ல, ஐந்து பேர். ஒருவன் குனியவில்லை.

"விரோதம் சொல்கிறேன் சேர்!" என்று சிங்களத்தில் ஆட்சேபித்து எழும்பினான் ஓர் இளம் ஏஜன்ற். பொக்கற்றில் மூன்று பேனை. "பெயர் மாக்ரெட். வந்திருப்பது முக்காடு போட்ட முஸ்லிம் அம்மா. இது ஆள்மாறாட்டம்."

மாக்ரெட்டுக்கு முதலில் விளங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் ஒரு சொல் வரவில்லை. சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொறுப்பதிகாரி வழுக்கைத் தலையோடு ஒரு பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருந்தார். பெரும்பாலும் அதிபராகவே இருக்க வேண்டும். எழும்பி வந்து அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் இருந்தது முப்பது வயசு மாக்ரெட். ஒட்டிய கன்னம், கண்ணாடி இல்லை. முன்னால் நிற்பவளுக்குக் கன்னமும் உண்டு, கண்ணாடியும் உண்டு.

"படம் சரிவரவில்லையே," என்றான் இளைஞன். "இப்படி அட்டைகள் எத்தனையோ திரிகின்றன சேர்."

"அவ என்ர மாமி!" என்று பின்னால் இருந்து நேசமலர் தமிழில் கத்திவிட்டாள். பிறகு தெரிந்த சிங்களத்தில், "மகே மாமி! நான் மருமகள்!" என்றாள்.

எல்லாரும் அவளுடைய பொட்டைப் பார்த்தார்கள்.

"பாருங்கள் சேர்," என்றான் இளைஞன், இரண்டு கையையும் விரித்து. "பெயர் கிறிஸ்தவப் பெயர். முக்காடு முஸ்லிம் முக்காடு. மருமகள் இந்து. இது என்ன குடும்பம்?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தக் கேள்வியைக் கலியாணத்தின்போது இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் கேட்டுத்தான் இருந்தார்கள்.

மாக்ரெட் பொறுப்பதிகாரியின் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். மகன் கேட்டது ஒன்றே ஒன்று. அதைச் செய்ய இந்த லேனுக்குள்ளும் வந்தாயிற்று. இங்கேயும் 'நீ நீயில்லை' என்று திருப்பி அனுப்பப் போகிறார்களா?

"அம்மா, தலையைத் திறந்தால் நல்லது," என்றார் பொறுப்பதிகாரி. குரலில் கடுமை இல்லை. "விரோதம் சொன்னால் நான் விசாரிக்கத்தான் வேண்டும். இங்கே ஏஜன்ற்மாரில் இவரை நேரில் தெரிந்தவர் இருக்கிறீர்களா?"

ஏஜன்ற்மார் பெயர்ப் பட்டியலில் குனிந்துகொண்டார்கள்.

"திறக்கத் தேவையில்லை," என்று ஒரு குரல் கேட்டது. "எனக்குத் தெரியும்."

ஜினதாச எழும்பி நின்றார்.

"இவர் கிளறன்ஸ் மஹத்தயாவின் நோனா, அவர் மனைவி. அடுத்த லேன். வேறு ஆள் இல்லை. நான் பொறுப்பு."

"எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?" என்று விடவில்லை இளைஞன்.

ஜினதாச மாக்ரெட்டின் முகத்தைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துப் பேசினார். "இவருடைய கலியாணப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். உள் அறையில் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தது. தலையில் வெள்ளை வலை போட்டு, இப்போது நிற்கிற மாதிரியே நிற்பார். இப்படி மூடினால் அதே முகம்தான்."

இளைஞன் அமர்ந்துவிட்டான். பொறுப்பதிகாரி தலையை ஆட்டினார். மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அது ஒரு நல்ல சாட்சி, அவ்வளவுதான்.

மாக்ரெட்டுக்கு மட்டும் அது வேறு ஒன்றையும் சொன்னது.

அந்தப் படம் இப்போது இல்லை. எண்பத்து மூன்று ஜூலையோடு போய்விட்டது. அது மாட்டியிருந்த அறைக்குள் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த கோயில் சுவாமியாரைத் தவிர வெளியார் யாரும் போனதில்லை. பேக்கரிக்கார ஜினதாச அந்த நாட்களில் வாசல்வரை பாண் கொண்டு வருவார், படி ஏறமாட்டார். அவர் உள்ளே போயிருக்கக்கூடிய நாள் ஒன்றே ஒன்றுதான்.

"அம்மா," என்றார் பொறுப்பதிகாரி, "இவரை உங்களுக்குத் தெரியுமா?"

என்ன சொல்வது? தெரியாது என்றால் சாட்சி விழுந்துவிடும், வோட்டும் போய்விடும். என் அறைக்குள் அன்றைக்கு உனக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எரித்தாயா, எடுத்தாயா, இல்லை தடுத்தாயா? அதைக் கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

ஜினதாச அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கேட்கப் போகிறாள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷன் வாயைத் திறந்திருக்கிறார். பேசாமல் இருந்திருந்தால் ஊர்க்கதை வெறும் கதையாகவே கிடந்திருக்கும்.

"ஓம் சேர்," என்றாள் மாக்ரெட். பிறகு சிங்களத்தில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "தெரியும். பேக்கரி ஜினதாச முதலாளி."

* * *

கிளாக்கர் அடிமட்டத்தை வைத்து அவளுடைய பெயரின் மேல் கோடு இழுத்தார். அதற்கு அடுத்த வரியில் ஸ்ரனிஸ்லாஸின் பெயர் இருந்தது. தலைகீழாகத் தெரிந்தாலும் தாய்க்குத் தெரியாதா?

"இந்த மகன் வருவாரா?"

"இந்த முறை வரமாட்டார்," என்றாள்.

"பரவாயில்லை. நாலு மணிவரைக்கும் நேரம் இருக்கிறது," என்றார் கிளாக்கர் ஒன்றும் அறியாமல்.

மாக்ரெட் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தக் கந்தோரில் எந்த அதிகாரியைக் கேட்டாலும் இங்கே இல்லை என்று சொன்ன பெயர். அவனைப் பிடித்து வைத்திருக்கிற அதே அரசாங்கம், இங்கே அவனுக்கென்று ஒரு வரியை ஒதுக்கி, அவன் வந்தால் கொடுப்பதற்கு ஒரு தாளையும் வைத்துக்கொண்டு நாலு மணிவரை காத்திருக்கிறது. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அழுகையும் வந்தது.

இடது கைச் சின்னி விரலில் மை வைத்தார்கள். நீளத் தாளை மடித்துக் கொடுத்தார்கள். மட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

அங்கே யாரும் இல்லை. புருஷன் இல்லை, பொலிஸ் இல்லை, ஏஜன்ற் இல்லை. ஒரு பென்சிலும் அவளும்தான். இந்த நாட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவள் இப்போது என்ன செய்யப் போகிறாள் என்று தெரியாமல் வெளியில் காத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் பொலிஸ், மரத்தடியில் ஆமி, மேசையில் அதிபர், எல்லாம் அவள் இந்த இரண்டு கோட்டை இழுப்பதற்காக. அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. பூசையில் மணி அடிக்கும்போது வரும் பயம் அது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். பிறகு புள்ளடி போட்டாள். ஒரு கோடு கொஞ்சம் நீண்டுவிட்டது.

பெட்டிக்குள் தாள் விழுந்தது.

அடுத்தது நேசமலர். "நேசமலர் ஸ்ரனிஸ்லாஸ்!" என்று அவளையும் அவள் புருஷனையும் ஒன்றாகச் சேர்த்து வாசித்தார் கிளாக்கர். இளம் ஏஜன்ற் பொட்டைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது நேசமலரின் கண்ணெல்லாம் ஈரம். செருப்பைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு லேன்வரை வந்துவிட்டாள்.

"மாமி, பாத்தனீங்களே? துவக்கோட நிண்டவன், நான் வரேக்க விலகி வழி விட்டவன். எங்கட ஊரில நாங்கள்தான் விலகுறது. எனக்கு விலகினவன் மாமி!"

"ஓம் பிள்ளை, கண்டனான். செருப்பைப் போடு."

* * *

வீட்டில் கிளறன்ஸ் இன்னும் அதே பக்கத்தில்தான் இருந்தார். மாக்ரெட் மைவிரலை நீட்டிக் காட்டினாள். பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார். மத்தியானச் சோறும் முடிந்தது. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்து அவர் முன்னால் அமர்ந்தாள்.

"எங்கட கலியாணப் படம் எங்க இருந்தது?"

"இதென்ன கேள்வி? அறைக்குள்ள, கட்டிலுக்கு மேல."

"அதை ஜினதாச கண்டிருக்கிறார்."

நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். கிளறன்ஸின் முகம் சிவந்து, பிறகு வெளிறியது.

"அப்ப அவன்தான். நான் சொன்னனா இல்லியா? அவன்தான்!"

"உள்ளுக்கு வந்திருக்கிறார். அது தெரியும். எதுக்கு வந்தார் எண்டு தெரியாது. வீடு ஏன் எரியல்ல எண்டு நாங்க ஒருநாளும் கேக்கல்ல."

"அவன்ட சாட்சியில போட்ட வோட்டு எனக்கு வேணாம்!"

"அது உங்கட வோட்டு இல்ல," என்றாள் மாக்ரெட். "என்ட. நான் பொய் எண்டு சொல்ல ஒரு ஏஜன்ற் எழும்பினான். நான் நான்தான் எண்டு சொல்ல அந்த மனுஷன் மட்டும்தான் எழும்பினார். நீங்க அங்க இருந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. நீங்க வரல்ல."

கிளறன்ஸ் வாதாடித் தோற்றுப் போனார். துறைமுகத்துக் கப்டன்மார் கேட்டிருந்தால் ஆனந்தப்பட்டிருப்பார்கள்.

மூன்றரைக்கு மேல் எழும்பினார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டார். முதல் பொத்தானை இரண்டாம் துளையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டினார்.

"எங்க மாமா போறியள்?" என்று நேசமலர் பதறிக்கொண்டு வந்தாள். "மாமி, மறியுங்கோ! அங்க ஆமி நிக்கிறாங்கள். ஏதும் சண்டை எண்டா…"

மாக்ரெட் மறிக்கவில்லை. அவர் பேக்கரி லேனின் பக்கம் திரும்புவதை வாசலில் நின்று பார்த்தாள்.

மண்டபத்தில் அநேகமாக யாரும் இல்லை. உத்தியோகத்தர்கள் களைத்துப் போயிருந்தார்கள், இளம் ஏஜன்ற் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். கிளறன்ஸ் உள்ளே வந்தார். வழிநெடுக மூன்று பாஷையிலும் கேள்விகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அத்தனையும் நாக்கின் நுனியில் இருந்தன.

கிளாக்கர் பெயரை வாசித்தார். "கிளறன்ஸ் அந்தோனி சவுந்தரநாயகம்!"

கடைசிக் கதிரையில் இருந்த ஜினதாச எழும்பி நின்றார்.

"விரோதமா?" என்று பொறுப்பதிகாரி களைப்போடு கேட்டார்.

"இல்லை சேர்," என்றார் ஜினதாச. ஆனால் அவர் அமரவில்லை. கையை முன்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மண்டபத்தில் இருந்த எல்லாரும் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கிளறன்ஸின் விரலில் மை வைத்தார்கள், தாளைக் கொடுத்தார்கள். அவர் தடுப்புக்குப் பின்னால் போய்த் திரும்பும்வரை ஜினதாச நின்றபடியே நின்றார். தாளைப் பெட்டிக்குள் போட்டபோதும் நின்றார்.

கிளறன்ஸ் நேரே அவரிடம் போனார், கொண்டுவந்த கேள்விகளை அங்கே வைத்துக் கேட்கவில்லை. கிழிந்துபோன குரலில், சிங்களத்தில் சொன்னார்.

"நாலு மணிக்கு முடியும்தானே? நான் வெளியில் நிற்கிறேன்."